பின்சக்கரம்

ஆறு வருஷமாக முதுகில் சுமக்கிறேன்
பிறத்தியார் கணினிகளை, துண்டு துண்டாக.
மொயேமாவில் ஒருவனுக்கு கிராஃபிக்ஸ் கார்டு:
ஒரு கையெழுத்து, ஒரு நன்றி, சாத்திய கதவு.
பெர்டீசெஸில் பல் டாக்டருக்கு
வெள்ளை விசிறிகள் ஆறு.
பெட்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்வேன்
உள்ளிருக்கும் பவர் சப்ளை எத்தனை வாட் என்று.
இந்தச் சனிக்கிழமை மட்டும்
டெலிவரி முகவரி என்னுடையது.

சாந்தா இஃபிஜேனியா தெருவில்
முழங்கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறேன்.
பட்டியல் பழைய ரசீது ஒன்றின் பின்பக்கம்,
மூன்று முறை அடித்து நான்கு முறை எழுதியது.
செயலியை மாற்றினால் போர்டு மாறுகிறது.
போர்டு மாறினால் ராம் மாறுகிறது.
கார்டு நீளமானால் கேபினட் போதாது,
கேபினட் பெரிதானால்
அறையில் அதுவா கட்டிலா என்றாகிவிடுகிறது.
சம்பந்தம் பேசுவதுபோலத்தான்.
மாப்பிள்ளைக்குப் பிடித்தால் மாமனுக்கு ஆகாது.

மூன்றாம் மாடியில் மியாசிரோவின் கடை.
ஆள் பாதி, அட்டைப்பெட்டி பாதி.
என் வயதுக்காரி. சூயிங்கம் மென்றபடி
சீட்டை மேலிருந்து கீழே படித்தாள்.
"பவர் சப்ளையில் காசு மிச்சம் பிடிக்காதே.
மற்றது போனால் தனியாகப் போகும்,
இது போனால் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகும்."
பிறகு கடைசி வரியில் விரலை வைத்தாள்,
வேறு மையில், பொடி எழுத்தில் இருந்ததன் மேல்.
"பின் டயரா? இதை எந்தப் போர்டில் சொருகுவாய், ஜுசேலியா?"

கண்ணாடிக்குள் கார்டு படுத்திருந்தது,
மூன்று விசிறியோடு, விலைச்சீட்டு கவிழ்த்துவைத்து.
பன்னிரண்டு தவணை, வட்டி இல்லை.
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்:
மாதம் முப்பத்தோரு டெலிவரி,
அதில் ஒன்பது மழையில்.
போன செவ்வாய் ரதியால் லெஸ்டேயில்
இரண்டு பஸ்களுக்கு நடுவே
பின்சக்கரம் ஒரு நொடி என் பேச்சைக் கேட்கவில்லை.
பிறகு கேட்டது.
யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னேன்.

மெல்லுவதை நிறுத்தினாள்.
எடுத்துவைத்த செயலியை உள்ளே வைத்துவிட்டு
வேறொன்றை எடுத்தாள்,
தானே படம் காட்டும் ரகம்.
"கார்டு அப்புறம் வரட்டும்.
அதற்கான இடுக்கு எங்கேயும் ஓடிவிடாது."

ராத்திரி இஸ்திரி மேசைமேல் கட்டினேன்.
அறைத்தோழி இவோனெச்சி டார்ச் பிடித்தாள்,
கை வலிக்கிறது என்று ஐந்து நிமிஷத்துக்கொருமுறை சொல்லிக்கொண்டே.
ராமை அழுத்தியபோது வந்த சத்தத்தில்
இருவரும் மூச்சைப் பிடித்தோம்.
இரண்டு திருகாணி மிஞ்சியது. எதனுடையது என்று தெரியவில்லை.
பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன்,
மியாசிரோவையும் அவள் குலத்தையும் திட்டினேன்,
தவணையில் வாங்கிய பிணம் என்றேன்.
இவோனெச்சி பின்பக்கம் எட்டிப் பார்த்து,
"இங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறதே, இது எதற்கு?"

லாரி ஓட்டும் விளையாட்டைத்தான் போட்டேன்.
"பகலெல்லாம் ரோடு, ராத்திரியும் ரோடா?"
சிரித்துவிட்டுப் படுக்கப் போனாள்.
லாரி திக்கித் திக்கி நகர்ந்தது.
நிழல்களை அணைத்தேன். ஓரத்துப் புல்லை அணைத்தேன்.
கண்ணாடியில் தெரியும் பின்வண்டிகளை அணைத்தேன்.
அடியில் மழைத்துளி என்று ஒரு வரி.
அதையும்.

இப்போது ஓடுகிறது, வழுக்கிக்கொண்டு.
வெளியே தகரத்தின்மேல் நிஜம் கொட்டித் தீர்க்கிறது.
இங்கே வானம் கறுத்திருக்கிறது, வைப்பர் ஆடுகிறது,
ஒரு சொட்டு இல்லை.
இருபது டன் தக்காளியோடு
நனையாத சாலையில் போய்க்கொண்டிருக்கிறேன்.
கீழே, ரப்பர் முடிகூட உதிராத புது டயரோடு
வண்டி நிற்கிறது.
தார்ப்பாய் போட்டேனா?
போட்டிருப்பேன்.