டசின் விலை

கொழுந்து நிறுத்த துண்டின் பின்பக்கம்
கணக்கு எழுதுகிறேன்.
சனிக்கிழமைதான் சரி.
ஞாயிறென்றால் புறக்கோட்டையில்
பாதிக் கடை பூட்டு.

அட்டனில் மூன்றரை பஸ்.
காலுக்குச் சவர்க்காரம் பூசி, அட்டை ஏறாமல்
இரண்டு மணிக்கே இறங்க வேண்டும்.
சந்தனமேரியின் மச்சான் ஆட்டோ கொண்டுவருவதாகச்
சொல்லியிருக்கிறான்.
சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான்.
கினிகத்தேனை வளைவுகளில் யோகராணிக்கு வாந்தி வரும்.
எலுமிச்சங்காய் ஒன்று. பை இரண்டு.

கெய்சர் வீதியில் ஒரு சட்டை கேட்டால்
முகத்தைத் திருப்புவார்களாம்.
டசின் என்றால் நாற்காலி வருமாம்.
ஆகவே டசின், ஆளுக்கு நான்கு.
சிங்களத்தில் விலை குறைப்பது சந்தனமேரி.
மூஞ்சியைச் சுளித்து எழுந்து நடப்பது நான்.
வாசல் தாண்டுமுன் கூப்பிடுவானாம்.

தீபாவளிக்கு லயத்துப் பையன்கள் எல்லோரும்
ஒரே நீலக் கட்டத்தில் நிற்பார்கள்.
பின்னாலிருந்து கூப்பிட்டால்
யார் பிள்ளை திரும்புமோ.

சட்டைக்கு நானூற்றைம்பது மிச்சம்,
நான்குக்கு ஆயிரத்து எண்ணூறு.
பஸ் போக வர ஆயிரத்து நூற்றிருபது,
சோறும் தேத்தண்ணியும் முந்நூற்றெண்பது.
முந்நூறு கையில் நிற்கிறது.
அன்றைக்குப் போகும் பேர் ஒன்று:
ஆயிரத்து முந்நூற்றைம்பது.

அட்டன் கடையிலேயே வாங்கு
என்கிறது துண்டு.

விரல் நுனியில் எச்சில் தொட்டு
அந்தப் பேரை மட்டும் அழித்தேன்.
காகிதம் கொஞ்சம் கிழிந்தது.
இப்போது முந்நூறு லாபம்.

யோகராணி சுவரைத் தட்டிக் கேட்கிறாள்,
கணக்கு வந்துவிட்டதா என்று.
வந்துவிட்டது என்றேன்.
செருப்புக்கு ஊக்குக் குத்தி வை,
அங்கே நிறைய நடக்கணுமாம்.