அறுபத்தேழு மில்லிமீற்றர்

சீட்டுக் காசில் லென்ஸ் எடுத்துப் பதினொரு நாள்.
இன்னும் வெறும் முகத்தோடு இருக்கிறது.

கஸ்தூரியார் வீதிக் கடையில் தர்மிகா
பில் புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தில்
இரண்டு வட்டங்களை வைக்கிறாள்.
"இது ஆயிரத்து எண்ணூறு.
இது பதினாலாயிரத்து ஐந்நூறு.
ரெண்டும் ஒரே சைஸ்தான் அக்கா."

தாளின் மேல் இரண்டும் ஒன்றுதான்.
கையில் எடுத்துச் சரித்தேன்.
மலிந்ததில் கடையின் ரியூப் லைற்
வெள்ளைத் தடியாக வந்து படுத்துக்கொண்டது,
பக்கத்தில் என் மூக்கும் கூரை ஃபானும்.
மற்றதில் ஒரு பச்சை நூல்,
வந்ததும் வராததுமாய்.

ஊதாவுக்கு அப்பாலுள்ள கதிரை மறிக்குமாம்,
பெட்டியில் எழுதியிருக்கிறது.
என் கமராவுக்கு அந்தக் கதிர் பிறப்பிலேயே தெரியாது.
காணாத ஒன்றைக் காணாமல் செய்யவோ
இவ்வளவு காசு?
தர்மிகா சிரிக்கிறாள்.
"அதுக்கில்லை அக்கா, அடிபடாமல் இருக்க."

அடி எனக்குத் தெரியும்.
தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில்
பட்டம் பார்க்க வந்த சனத்துக்குள் ஒரு பொடியனின் முழங்கை.
பழைய லென்ஸின் பில்ரர் நட்சத்திரமாய் வெடித்தது.
வளையம் நெளிந்து, புரி இறுகி,
சுண்டுக்குளி லோகேஸ்வரன்
வாள் போட்டு அறுத்தெடுத்தார்.
"இது காப்பாத்தினதோ, இல்லை
இது உடைஞ்ச தூள்தான் உள்ளுக்குக் கீறினதோ,
நான் சத்தியம் பண்ண மாட்டன்"
என்று சொல்லி இரண்டாயிரம் வாங்கினார்.
மயிரளவு கீறல்.
எந்தப் படத்திலும் இதுவரை கண்டதில்லை.
படம் எடுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு போட்டது மலிந்தது.
கோண்டாவிலில் கலியாணம்.
மண்டபத்து லைற் எல்லாம் நூர்த்து
குத்துவிளக்கோடு பொம்பிளையை நிற்பாட்டினேன்.
வீட்டில் திரையில் பார்த்தால்
விளக்கில் ஐந்து சுடர்,
தோளில் இன்னும் ஐந்து,
தலைகீழாய், பச்சையாய்.
மூன்று மணித்தியாலம் இருந்து அழித்தேன்.
சரிகையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

மன்னிப்புக்கு ஒரு வசனம் பாடமாக்கிப் போனேன்.
மாமியார் மனோரஞ்சிதம்
அந்தப் படத்தில்தான் முதலில் விரலை வைத்தா.
"அம்மன் வந்து நிண்டிருக்கிறா."
ஆல்பத்தின் நடுப்பக்கம் அதற்கே.
பெரிசாக்கி, சட்டம் போட்டு, ஹோலில்.
சட்டத்தின் கண்ணாடியில் யன்னல் தெரிந்து
இப்போது பொம்பிளையின் முகம் பாதிதான்.
அதை ஒருவரும் குறையாய்ச் சொல்லவில்லை.

நேற்று அவவின் தங்கை போன் எடுத்தா.
"ஆவணியில எங்கட பிள்ளைக்கும்
அந்த வெளிச்சம் வரவேணும்.
அட்வான்ஸ் போட்டு விடுறன்."

இதைத் தர்மிகாவிடம் நான் சொல்லவில்லை.
ஆறு தவணை கேட்டேன், மூன்று என்றாள்.
நல்லதைத் திருகினேன். அரைச் சுற்றில் விக்கியது.
பின்னுக்குத் திருப்பி,
புரி புரிக்குள் விழும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டபின்
முன்னுக்கு.

வெளியே மோட்டார்சைக்கிளில் தம்பி சனோஜன்.
"தலைக்கு ஹெல்மெற் போடாத ஆள்
கண்ணாடிக்குப் போடுது."

பண்ணையில் நிறுத்தச் சொன்னேன்.
சோளகம் உப்பை அள்ளி நேரே எறிந்தது.
சிறகுவலைத் தடியொன்றில் ஒரு கொக்கு
காற்றுக்கு ஒரு பக்கம் சரிந்து,
பறக்க மனமில்லாமல்.
பதினேழு படம்.
ஒன்றிலும் பேய் வெளிச்சம் இல்லை.
ஒன்றிலும் அம்மனும் இல்லை.

பத்து நிமிடத்தில் புதுக் கண்ணாடி மங்கிப் போயிற்று.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
"துடையன் அக்கா, காசு குடுத்து வாங்கினது."

மலிந்தது பையின் பக்கத்துப் பொக்கற்றில்
சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டு கிடக்கிறது.
அதுவும் அறுபத்தேழுதான்.
ஆவணி மட்டும் அது கீறுப்படக் கூடாது.
நாளைக்கு அதற்கொரு உறை வாங்க வேணும்.