வெள்ளோட்டம்

ஷோரூம்காரர் சாவியைக் கொடுத்தபோது
புதுவயலில் மணி ஏழு.
கால் யூனிட் எம்-சாண்ட்,
கண்டனூரில் ஒரு சுவர் வேலைக்கு.

“இன்னும் ஸ்டார்ட் ஆகலையே” என்றான் இன்னாசி.
அதற்குள் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தோம்.

கண்மாய்க்கரை ஏற்றத்தில்
என் டீசல் வண்டி இருமும் இடத்தில்
இது மூச்சுக்கூட விடவில்லை.
நடுரோட்டில் படுத்திருந்த நாயும் அசையவில்லை;
இறங்கிப் போய் எழுப்ப வேண்டியிருந்தது.

தொட்டியைத் தூக்கினேன்.
பதினாறு வருஷமாய்க் கொட்டுகிறேன்,
மணல் சரியும் சத்தத்தை
இன்றைக்குத்தான் கேட்டேன்.

திரும்பும்போது சார்ஜ் நாற்பத்தொன்று.
செலவு டீசலில் பாதிகூட இல்லை, சரிதான்.
ஆனால் பங்க் சொர்ணலிங்கம்
சனிக்கிழமை வரைக்கும் நோட்டில் எழுதிக்கொள்வார்.
கரண்டு மீட்டருக்குச் சனிக்கிழமை தெரியாது.
திருமயத்திலிருந்து ஜல்லி ஏற்றி வருகிற நாளில்
பாதி வழியில் நின்றுவிட்டால்
கேனைத் தூக்கிக்கொண்டு எங்கே நடப்பது?

கடன் விண்ணப்பத்தில்
எரிபொருள் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா நின்றது.

“எதை வாங்கினாலும்
அள்ளப்போறது நான்தானே” என்றான் இன்னாசி,
காதுக்குள் ஒட்டியிருந்த மணலைச்
சுண்டுவிரலால் எடுத்தபடி.