காய்கறித் தட்டில் குளிர்காலம்

முதலில் ஏமாந்தேன்.
புறக்கோட்டையில் வாங்கிய விதைப் பாக்கெட்,
பெயர் என்னவோ டாரகன்தான்.
மூன்று மாதத்தில் இடுப்பளவு.
கிள்ளி மென்றால் புல்.
மாடு கூட ஒருதரம் யோசிக்கும்.

நான் கணக்கெழுதும் ஹோட்டலில்
மீன் வெட்டும் ரொஷாந்தன்தான் சொன்னான்:
“அசலுக்கு விதையில்லை அக்கா.
விதையில முளைச்சா அது வேற ஆள்.”
நனைத்த டிஷூவில் சுற்றி
விரல் நீளத் தண்டொன்று தந்தான்.
காலி வீதி பஸ் நெரிசலில்
கைப்பையை வயிற்றோடு அணைத்து வந்தேன்,
சம்பள நாள் மாதிரி.

வெள்ளவத்தை. நாலாம் மாடி.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல்,
ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்று.
அடியில் ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் வாளி,
பாதிக்கு மேல் மணல்.
காலை வெயில் மட்டும்.
தண்ணீர் கொஞ்சம். அதிலும் கொஞ்சம் குறைத்து.
மே மாத மழையில்
செடிக்கு நான் குடை பிடித்து நின்றதை
எதிர் பிளாட் மிஸிஸ் அபேகோன் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுசி.

செடிக்கு வேர்த்தது. இலைநுனி கறுத்தது.
உறங்க ஒரு குளிர்காலம் வேண்டுமாம் அதற்கு.
கொழும்பில் அதற்கு நான் எங்கே போவேன்?
கட்டையாக நறுக்கி
வாளியோடு பிரிட்ஜில் வைத்தேன்,
அரைமூடித் தேங்காய்க்கும்
வல்லாரைக் கட்டுக்கும் நடுவில்.
“பிணத்தை எப்ப எடுப்பீர்?” என்றார் பிரபாலன்.
தக்காளிக்கு இடமில்லை என்பது அவர் வழக்கு.

ஆறு வாரம் என்று நினைத்திருந்தேன்.
நாலாம் வாரமே மின்வெட்டு.
ஐஸ் உருகித் தரையில் ஓட,
துடைக்கும் துணியோடு கதவைத் திறந்தால்
மூன்று முளை.
வசந்தம் அங்கெல்லாம் எப்படி வருமோ,
எனக்கு மின்சார சபை அனுப்பியது.

இப்போது வினாகிரிப் போத்தலில் ஒரு கொப்பு.
ஞாயிறு முட்டையில், அடுப்பை அணைத்த பிறகு,
நாலே இலை.
பெருஞ்சீரகம் என்று நாக்கு தொடங்கும்,
தயங்கும்,
பிறகு நுனி லேசாக மரத்துப்போகும்,
சொல்ல வந்த பெயரை மறந்தவர் போல.
ஒருநாள் பாரை மீன் சொதியிலும் போட்டேன்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நேற்று வேரைப் பிரித்துப் பாதியை
மிஸிஸ் அபேகோனிடம் நீட்டினேன்.
சிங்களத்தில் என்ன பெயர் என்றேன்.
தமிழில் என்ன என்றார்.
இரண்டு பேரிடமும் இல்லை.
வாசலில் நின்று கொஞ்சம் சிரித்தோம்.
உங்கள் பிரிட்ஜில்
கீழ்த்தட்டு காலியா, என்று கேட்டேன்.