கால் அங்குலப் புரி

துவக்கைப் பஸ்ஸில் கொண்டுபோக ஏலாது.
ஆகவே துளையை மட்டும் கொண்டுபோனேன்.

மெழுகுதிரியை உருக்கி உள்ளே ஊற்றி
ஆறவிட்டு மெல்லத் திருகி எடுத்தால்
சுண்டுவிரல் நுனியளவில் ஒரு வெள்ளைப் புரி.
மனிசன் கட்டாரிலிருந்து வீடியோவில் பார்த்தார்.
'யாற்றை பல்லு?' என்றார்.

லைசன் அவர் பேரிலிருந்து என் பேருக்கு மாற
துவக்கு வெடிக்கிற நிலையில் இருக்கவேணுமாம்.
கச்சேரியில் அந்தப் பிள்ளை தலை நிமிராமல் சொன்னது.
வாயால் மருந்து தின்னுகிற கிழட்டுத் துவக்கு.
கொக்கு இருக்கிறது, விசை இருக்கிறது,
மருந்து இடிக்கிற நெட்டைக் குச்சி இருக்கிறது.
கொக்கு வந்து கொத்துகிற இடத்தில்
நிப்பிள் இல்லை.

தம்பலகாமத்துப் பன்றிகள்
லைசன் கேட்டு வருவதில்லை.

மெயின் வீதியில் முதற்கடை. நிப்பிள் என்றேன்.
சைக்கிள் கம்பி நிப்பிள் ஒரு பிடி அள்ளிப் போட்டான்.
இரண்டாங்கடையில் கிரீஸ் நிப்பிள்.
மூன்றாங்கடை முதலாளி என் முகம் பாராமல்
எதிர்ப்பக்கத்துப் பார்மசியைக் காட்டினார்.
தமிழில் அதன் பெயர் எனக்குத் தெரியாததல்ல.
ஆம்பிளையள் நெருக்கியடிக்கும் ஹாட்வெயாரில்
அதைச் சொல்ல வாய் வரவில்லை.
வெறுங்கையோடு இறங்கவும் கூச்சம்.
கிரீஸ் நிப்பிள் ஒன்று, பார்மசியில் சூப்பி ஒன்று.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால்
புரியெல்லாம் வழிந்து
மொட்டை மெழுகு.

அடுத்த கிழமை இரண்டாவது புரி.
பஸ்ஸால் இறங்கி நேரே மீன் சந்தைக்கு.
'ஒரு துண்டு ஐஸ் தாங்கோ.'
'என்ன மீன் அக்கா?'
'மீனில்லை.'
அறுக்குளா வெட்டிய கையாலேயே அள்ளித் தந்தான்.
றெஜிபோம் பெட்டிக்குள் குளிர்ந்துகொண்டு
காவலரணைத் தாண்டப் போனது என் துளை.
நேவிக்காரப் பொடியன் திறக்கச் சொன்னான்.
ஐஸ். ஐஸ் மேல் மெழுகு.
நெடுநேரம் பார்த்தான். எனக்கும் அவ்வளவு சிங்களம் இல்லை.
அவனுக்குப் பின்னால் ஒரு புள்ளிமான்
சீமெந்துப் பையைத் தின்றுகொண்டு நின்றது.
போ என்று கையைக் காட்டினான்.

ஜமாலியாவில் மீராலெப்பையின் பழைய இரும்புக் கடை.
அவர் மெழுகைத் தொடவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
'இது மில்லிமீற்றர் இல்லை, தங்கச்சி' என்றார்.
டொக்யாட் ஏலத்தில் எடுத்த பெட்டி ஒன்று,
பதினெட்டு வருசமாய் ஒருத்தரும் கேளாத அளவுகள்.
கிரீஸுக்குள் புதைந்து கிடந்த புரிவெட்டிகளை
ஒவ்வொன்றாய்த் துடைத்து
மெழுகோடு மெழுகாய் ஒட்டிப் பிடித்து
வாசலுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார்.
இடையில் வெளிச்சம்.
வெளிச்சம்.
வெளிச்சம்.
ஒன்றில் மட்டும் வெளிச்சம் வரவில்லை.

கால் அங்குலம், இருபத்தாறு பல்.
அதன் சோடியும் அதே பெட்டியில்.
விற்கமாட்டாராம். ஒரு நாள் வாடகை ஐந்நூறு,
அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போகவேணும்.

உவர்மலையடியில் பார்த்தலோட்டின் லேத்.
போட் எஞ்சின் தவிர வேறெதுவும் தொடாத மனிசன்.
'என்னத்துக்கு?'
'பன்றிக்கு.'
'பன்றிக்குத் தெரியுமோ?'
பதில் சொல்லும் முன்னே லேத்தைப் போட்டுவிட்டார்.
உருக்கு நீலச் சுருளாய்க் கழன்று
என் செருப்புக்குள் விழுந்து சுட்டது.
ஊசி போகிற அளவில் நடுவே ஒரு துளை.
அதைத் திருகவென்று பழைய பொக்ஸ் ஸ்பானரின் வாயை
அராவித் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

வீட்டில் விரலாலேயே ஏற்றினேன்.
ஒரு சுற்று, இரண்டு, நாலரை.
சாவியால் ஒரு இறுக்கு.
வெறுமனே கொக்கை விட்டுப் பார்த்தேன்,
டிக்.
பின்வளவு நாய் எழும்பிப் படுத்தது.

இதற்குள் மரவள்ளி முழுக்கப் போயிருந்தது.
கிரீஸ் நிப்பிள் லேண்ட்மாஸ்டருக்குச் சரிவந்தது.
சூப்பியில் ஆட்டுக்குட்டி குடிக்கிறது.

கச்சேரிப் பிள்ளை இப்போது தலை நிமிர்ந்தது.
'கேப் வைச்சிருக்கிறீங்களோ?'

மெயின் வீதி, முதற்கடை. கேப் என்றேன்.
தொப்பி இரண்டை எடுத்து வைத்தான்.
நல்ல வெயில்.
நீலத்தை வாங்கினேன்.