இருபத்தாறாவது கிலோ

புதுவயலில் நெல் அவிக்கும் வாடை
காலை நாலரைக்கே எழுந்துவிடும்.
நான் அஞ்சு மணிக்கு.

கடை சின்னது. ஒரு ஷட்டர், ஒரு தராசு,
சாக்கு தைக்கும் மெஷின்,
பலகையில் என் பெயருக்குக் கீழே
பதினைந்து எழுத்தில் இன்னொரு பெயர்.
முப்பத்து மூன்றில் தொடங்கும் அதைத்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
கல்யாணத் தேதிதான் தடுமாறும்.

ஆடிட்டர் வயிரவன், காரைக்குடி, செக்காலை, மாடி.
முதல் நாளே தாளில் ஒரு கோடு கிழித்தார்.
"கோட்டுக்கு இந்தப் பக்கம் இருபத்தஞ்சு கிலோ வரைக்கும்.
பேர் அச்சடிச்ச மூட்டைன்னா நூத்துக்கு அஞ்சு.
அதைத் தாண்டினா ஒண்ணுமில்லை."
"ஒரு கிலோவுலயா?"
"ஒரு கிலோவுல."

அதே அரிசி. அதே களம்.
பஸ்ஸில் விரல் மடக்கிக்கொண்டே வந்தேன்:
ஆயிரத்து நானூறுக்கு எழுபது.
எழுபது ரூபாய் கூடச் சொன்னால்
எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.
கண்டனூர் தாண்டுவதற்குள்
இருபத்தாறு கிலோ சாக்குக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன்.

வரியில்லாத மூட்டைக்குள்ளும் வரி இருக்கிறது என்று
பிறகுதான் தெரிந்தது.
சாக்கு வாங்கும்போது கட்டியது,
நூல் வாங்கும்போது கட்டியது.
அரிசிக்கு வரி வாங்கியிருந்தால் அதில் கழிக்கலாம்.
வாங்காதவள் விழுங்க வேண்டியதுதான்.
இதைச் சொல்கையில் வயிரவன்
டீயிலிருந்து ஆடையை எடுத்துக்கொண்டிருந்தார்.

அஞ்சு கிலோ, பத்து கிலோப் பைகளும் போடுகிறேன்,
ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு.
அதனால் மாதா மாதம் இருபதாம் தேதிக்குள் கணக்கு.
அந்தப் பை ஒன்றுகூடப் போகாத மாதத்திலும்
போகவில்லை என்று காட்டணும்.
ஓடிபி திருப்பூரில் என் தம்பிக்குப் போகும்.
பனியன் கம்பெனி லாக்கரில் அவன் போன் கிடந்தால்
என் வியாபாரமும் லாக்கரில்.

தொழில் வரிக்குப் பேரூராட்சி ஆள்
ஆறு மாதத்துக்கு ஒருமுறை.
அவரை எனக்குப் பிடிக்கும். நேரில் வருகிறார்.

எல்லாம் புரிந்துவிட்டது என்றிருந்தேன்.
ஆனியில் ஒரு நாள்
இருநூறு மூட்டை இறக்கி முடித்த அடைக்கலம்
தலைத்துணியை உதறிக்கொண்டே கேட்டார்:
"கனத்துக் கெடக்கே ஆச்சி, அரிசி நனைஞ்சதா?"

இல்லை, ஒரு கிலோ கூட.
"எதுக்கு?"

தரையில் சிந்திய தவிட்டில்
வயிரவனின் கோட்டை விரலால் இழுத்துக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"அப்ப இன்னைக்கு இருநூறு கிலோ,"
என்றார் தனக்குத்தானே.
பிறகு என்னிடம்:
"மூட்டைக்குக் கூலி அதேதானே?"

அதேதான்.

அன்று கல்லாப்பெட்டியை இரண்டு தடவை எண்ணினேன்.
நான் கட்டாத எழுபது ரூபாய்
காணாமல் போயிருக்கவில்லை.
கோட்டைத் தாண்டி ஒரு தோளில் ஏறி
லாரிக்கும் கடைக்கும் நடுவே
நடந்துகொண்டிருந்தது.

மூட்டைக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தேன்.
ஒரு ரூபாய்தான். பெருமை பேச ஒன்றுமில்லை.
அடுத்த மாதம் வயிரவன் பேனாவைத் தூக்கியபடி கேட்டார்,
இதை எந்தத் தலைப்பில் எழுதட்டும் என்று.

வரி, என்றேன்.

சிரித்தார். எழுதியும்விட்டார்.
பிறகு அடித்துவிட்டு
"இறக்குக்கூலி" என்று திருத்தினார்.
இருபதாம் தேதிக்கு
இன்னும் மூன்று நாள் இருந்தது.