பின்னர் வந்து சேரும் பொருட்கள்

பியர்சன் விமான நிலையத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள்.
திரும்பி வந்து குடியேறுகிறவர்கள் நிரப்ப வேண்டியது.
கூடவே கொண்டுவரும் பொருட்கள் ஒரு பக்கம்,
பின்னர் வந்து சேரும் பொருட்கள் மறுபக்கம்.
கம்பளிச் சட்டை மூன்று என்று எழுதினேன்.
ஆணி வைத்த சப்பாத்து இரண்டு சோடி.
ஆட்ட நாயகி என்று தந்த கோப்பி இயந்திரம்,
குடுவை உடைந்தது, பெறுமதி தெரியாது.

"முழங்காலுக்குள் ஒரு திருகாணி இருக்கு,
ஐஸ்லாந்தில் பூட்டினது. அதையும் எழுதவா?"
அதிகாரி சிரிக்கவில்லை.
"அதுக்கு வரி இல்லை" என்றார்.
மறுபக்கத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்தேன்.

பதினொரு வருடம்.
அதில் ஏழு, மீன் வாடை வீசும் ஒரு துறைமுகத்தில்.
யூன் மாதத்தில் நடுச்சாமத்திலும் வெளிச்சம் போகாது.
என் நிழல் எனக்கு முன்னால் ஓடி
எதிரணியின் கோல் கம்பத்தில் போய்ச் சாய்ந்து நிற்கும்.
கடற்காற்று,
அடித்த பந்தை அடித்தவளிடமே கொண்டுவந்து தரும்.
அங்கேயும் எங்களைப் போலத்தான்,
அப்பாவின் பெயர் பின்னால் வரும்.
சிவகடாட்சத்தின் மகள், எட்டாம் இலக்கம்,
என்று ஒலிபெருக்கி கரகரக்கும்,
முந்நூறு பேரும் சில கடற்பறவைகளும் கேட்க.
அப்பா ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.
பாண் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை.
ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் நித்திரையாய்க் கிடக்க
அவர் பெயரை ஒரு குளிர்ந்த கடலோரம் கூப்பிட்டது.

நாலு பூச்சியம் ஒன்றில் கார்கள் ஊர்ந்தன.
கௌசிகன் வீட்டு விலை சொன்னான், வட்டி சொன்னான்,
யார் யார் பிரிந்தார்கள் என்று சொன்னான்.
மார்க்கம் வீதி இறக்கம் வந்தபோது,
"இனி என்ன செய்யப்போறாய்?" என்றான்,
சமிக்ஞை விளக்கைப் பார்த்தபடி.
சாரதிப் பத்திரம் புதுப்பிக்கிற பெண்ணும் கேட்டாள், தொழில்?
எனக்கு முப்பத்துமூன்று வயது.
என் தொழிலில் அது கிழவயது,
வேறு எல்லாவற்றுக்கும் பிந்திய வயது.

ஏப்ரல்.
புடவைக்கடை வாகனத் தரிப்பிடத்தின் மூலையில்
கறுத்துப்போன பனி இன்னும் குவிந்து கிடந்தது.
இரண்டு தள்ளுவண்டிகளைக் கம்பமாக்கிப் பொடியள் ஐந்து பேர்.
பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது.
அடக்கினேன். உள்ளங்கால் மறந்திருக்கவில்லை.
"ஆன்ரி, இங்கால அடியுங்கோ!"

ஆன்ரி.
இடுப்பில் உதை வாங்கியிருக்கிறேன்,
பனிக்கட்டித் தரையில் முகம் தேய விழுந்திருக்கிறேன்.
இது வேறு மாதிரி விழுந்தது.

கொஞ்சம் கூடுதலாகவே அடித்துவிட்டேன்.
பந்து பொடியளைத் தாண்டி, தள்ளுவண்டிகளைத் தாண்டி,
நிதானமாக, ஒருவரையும் கேளாமல்
கடைக் கூரையில் போய் இறங்கியது.
ஐந்து வாய்களும் திறந்தபடி.

கடைக்காரர் ஏணியோடு வந்தார், பழகிய முகத்தோடு.
"மேல ஒரு கடை போடலாம் தங்கச்சி, அவ்வளவு பந்து."
என் பிழை, நானே ஏறினேன்.

தார்க்கூரை. தேங்கிய பனிநீர்.
குளிரூட்டிப் பெட்டியின் பின்னால் ஆறு பந்துகள்,
எந்தெந்தக் கோடைகாலத்தினதோ.
தூரத்தில் மின்கோபுரங்கள் கைகோர்த்து நடந்தன.
அந்தப்பக்கம் நான் படித்த பள்ளிக்கூட மைதானம்;
பெண்கள் அணிக்கு நேரம் தராத மைதானம்,
இப்போது பெரிய வெள்ளைக் கூடாரம் ஒன்றுக்குள் மறைந்து கிடந்தது.

ஒவ்வொன்றாக எறிந்தேன்.
கீழே எண்ணினார்கள், பிறந்தநாள் போல.
கடைசிப் பந்தின் தோல் உரிந்து, பாசி படிந்து, சப்பி.
"அது வேண்டாம், அது செத்துப்போச்சு!"
அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை.

மெல்லிய ஒருவன், மூக்குக்கண்ணாடி, அண்ணாந்து கேட்டான்:
"நீங்கள் கோலியா?"
"இல்லை. நடுக்களம்."
யோசித்தான்.
"அப்ப ஏன் மேல நிக்கிறீங்கள்?"

கடைக்காரர் ஏணியை இறுக்கிப் பிடித்தார்.
முதல் படிக்குக் காலை விட்டேன்,
திருகாணி இருக்கிற கால்.